மணற்காணிக்காரர்

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே, மேற்கில் பெருங்கடலும் கிழக்கில் களப்பும் நெருக்க ஒடுங்கிக் கிடக்கும் உச்சமுனை மணலில் ஏக்கர் கணக்கில் காணி வாங்கிக் கூடாரமடிக்கவும், பின்னர் குடிலமைக்கவும், இறுதியில் நிரந்தரமாகவே தங்கிவிடவும் எண்ணுகின்ற ஒரு மனித வகை உண்டு. இவ்வகையினர் பெரும்பாலும் கொழும்பில் கணக்காளராகவோ தொரொன்டோவில் ஓய்வை நெருங்கும் பொறியியலாளராகவோ இருப்பர். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் மன அமைதிக்கு ஒரு காணியும் வேண்டும் என்ற முடிவுக்கு ஐம்பது வயதளவில் வந்து சேர்ந்தவர்கள்.

மணற்காணிக்காரர் உச்சமுனையை முதன்முதலில் காண்பது மாசி, பங்குனி மாதங்களிலாகும். அப்போது மேற்குக் கடல் அடங்கிக் கிடப்பதால் ஓங்கில் பார்க்கும் படகுகள் கற்பிட்டியிலிருந்து புறப்படுகின்றன. ஓங்கில் பார்க்க வந்தவர் மணலையும் பார்த்துவிட்டு, “இது பாலைவனம்” என்று மனைவியிடம் அறிவிக்கிறார். ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலே பாலைவனம் என்பது புவியியலாளர் கொள்கை. புத்தளத்தில் அதைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாக மழை பெய்கிறது. தமிழ்த் திணை மரபின்படி கடலும் மணலும் கூடிய இவ்விடம் நெய்தலேயன்றிப் பாலையன்று. ஆயினும் பாலைக்குரிய மாந்தர் வழிப்போக்கரின் பொருளைக் கவர்ந்து வாழ்பவர் என்று அந்த மரபு கூறுவதையும், காணித் தரகர் அந்நேரம் பார்த்து அங்கே தோன்றுவதையும் சேர்த்து நோக்கினால், மணற்காணிக்காரரின் கூற்றை முற்றாகத் தள்ளிவிடவும் இயலவில்லை.

“சேர், இது சுத்தமான உறுதிக் காணி. கண்ண மூடிக்கொண்டு வாங்கலாம்” என்கிறார் தரகர். அந்த அறிவுரையின் கடைசிப் பகுதியை மணற்காணிக்காரர் சொல்லுக்குச் சொல் பின்பற்றுகிறார். உறுதி என்பது நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்ட உரிமைப் பத்திரம். பேர்மிட் காணி என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தின் பேரில் வழங்கியது, ஆகவே நினைத்தபடி விற்க முடியாதது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிய, காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுக்கால உரித்தைத் தேடிப் பார்ப்பது வழக்கம். நகரத்தில் ஆறு பேர்ச் வாங்கும்போது (160 பேர்ச் ஓர் ஏக்கர்) மூன்று சட்டத்தரணிகளைக் கலந்தாலோசித்த இதே மனிதர், இங்கே ஐந்து ஏக்கருக்கு, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கிறார். மனிதக் கை படாத நிலம் என்பதே அவரை ஈர்த்தது. பயிரிடப்படாத, குடியிருப்பற்ற நிலமெல்லாம் முடிக்குரியதென்று கருதப்படும் என 1840இல் பிரித்தானியர் சட்டமியற்றியதையும், அந்த மனப்பாங்கு அலுவலகங்களைவிட்டு இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பதையும் அவர் பின்னரே அறிந்துகொள்கிறார்.

தொரொன்டோ வகையினருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. இரட்டைக் குடியுரிமை பெறாத வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அடுக்குமாடி வீடுகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்குண்டு. மணலில் அடுக்குமாடிக்கு வழியில்லாமையால் காணி மச்சான் பெயரில் எழுதப்படுகிறது, மச்சானும் அன்றிலிருந்து மரியாதை எதிர்பார்க்கத் தொடங்குகிறார்.

அடுத்தது வரைபடக் காலம். கபானா எனப்படும் ஓலைக்குடில்கள் நான்கு, சூரியத் தகடுகள், காற்றாலை, கிணறு என்பன கணினித் திரையில் எழுகின்றன. இத்தகைய மணற்றிட்டில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய மழைநீர்ப் படை. வாளியால் அள்ளினால் நிற்கும், மோட்டர் பூட்டி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மேலும், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் வகுத்திருப்பதால், குடிலுக்கு முன்னே விண்ணப்பம் எழவேண்டியிருக்கிறது. விண்ணப்பத்தைக் கையளித்த ஆறுதலில், ஆடி மாதத்தில் அவர் கூடாரத்தோடு வருகிறார்.

“சோளகத்துல இங்க இருக்கேலாது ஐயா” என்று படகோட்டி சொன்னதை அவர் எளிய மக்களின் மிகையுணர்வென்று கருதியிருந்தார். சோளகம் என்பது வைகாசி முதல் மாதக்கணக்கில் ஓயாது வீசும் தென்மேல் காற்று. அக்காற்றுக்காகவே பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெளிநாட்டவர் பணம் செலவழித்துக் கற்பிட்டிக்கு வருகின்றனர்; நம்மவருடைய கூடாரமும் அவ்விளையாட்டில் சிறிதுநேரம் பங்குபற்றிக் களப்பில் இறங்கியது. நில அளவையாளர் நட்ட எல்லைக்கற்களில் இரண்டு மணலுக்குள் போய்விட, அயல் காணியின் மணல் இவருடைய காணிக்கு விலையின்றி வந்து சேர்ந்திருந்தது.

ஆளில்லா நிலம் என்று அவர் நம்பிய இடத்தில் ஒரு வாடியும் எழுந்திருந்தது. வாடி என்பது மீனவர் பருவத்துக்குப் பருவம் வந்து தங்கி வலை திருத்தவும் கருவாடு காயவிடவும் அமைக்கும் கொட்டில். சென்றமுறை அவர் படமெடுத்து, சிதைந்த தொல்பொருள் என்று நண்பர்களுக்கு அனுப்பியது அதன் கம்புகளையே. அரசு உச்சமுனை உட்படக் கற்பிட்டியின் 14 தீவுகளைச் சுற்றுலா வலயமாக்கத் திட்டமிட்டபோது, கரைவலை இழுக்கவும் வாடி போடவும் இடமிராதென்று எதிர்த்து நின்றவர்கள் இந்த மீனவர்கள். அமைச்சுகளையே கண்டவர்களுக்கு ஒரு கணக்காளர் அச்சமூட்டவில்லை. அவரை உட்காரவைத்துத் தேநீரும் பொரித்த மீனும் கொடுத்தனர்.

அவருக்கோ அச்சம் பிறந்தது. தனியார் காணியைப் பத்தாண்டு தடையின்றி, உரிமையாளரின் இசைவின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். ஆகவே வாடிக்காரரையே காவற்காரராக நியமித்து, மாதச் சம்பளமும் பேசி, தன்னுடைய சம்மதத்துடனேயே அவர் அங்கே தங்கியிருக்கிறார் என்ற கடிதமொன்றில் ஆண்டுதோறும் ஒப்பம் வாங்குகிறார். மீனவரும் வலையை ஒதுக்கிவைத்து, கையைத் துடைத்துவிட்டு ஒப்பமிடுகிறார். ஐந்து ஏக்கர் தொடர்பாக இதுவரை வழங்கப்பட்டுள்ள ஒரே அனுமதிப் பத்திரம் அதுவேயாகும்.