மண்ணெண்ணெய்க் காலமும் கியூஆர் காலமும்

2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த கிழமை, கொழும்பிலிருந்து மாமி மகன் ரெலிபோன் எடுத்தான். "மச்சான், அந்தக் காலத்தில நீங்களெல்லாம் எப்படிச் சமாளிச்சனீங்கள்?"

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய், ஆண்டுக்கணக்கில் வராமல் இருந்தது. அப்போது இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் முடியாது, ரெலிபோனும் இல்லை. முப்பது வருசம் பிந்தினாலும் கேள்வி கேள்விதானே! எனக்குள் ஒரு பேராசிரியர் எழும்பி உட்கார்ந்தார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் இழுத்த திரி. காற்றுக்கு அணையாது, சில கரண்டி எண்ணெயில் ஒரு பிள்ளை இரவிரவாகப் படிக்கலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "இஞ்ச மண்ணெண்ணெய்க்கும் கியூ மச்சான்."

எங்கள் காலத்தில் பெற்றோல், சீமெந்து, உரம், பற்றரி எல்லாமே தடை. வவுனியாச் சோதனைச் சாவடியில் ரோச் பற்றரி குண்டுக்குச் சமானம். தடையைப் போட்ட அரசாங்கம் ஒரு பக்கம். ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுக்கச் சொன்ன இயக்கம் மறுபக்கம். நடுவிலிருந்த எங்களுக்கு உலக நிலவரம் தெரியாமல் நித்திரை வராது. ஆகவே இரவு 9.15க்கு சனசமூக நிலையத்து விறாந்தையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை உயிர்ப்பித்து பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிறவனுக்கு டைனமோவின் இரைச்சலில் செய்தி கேட்காது. முடிந்தபிறகு மற்றவர்கள் அவனுக்குச் சுருக்கிச் சொல்வார்கள், தங்கள் விளக்கத்தையும் சேர்த்து. ஊரில் அரசியல் விளக்கம் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பெடலுக்கு மட்டும் எப்போதும் ஆள் தேட வேண்டியிருந்தது.

அந்த விறாந்தைக்கு வராத ஒருவர், ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா. அவரிடம் ஒரு ரைப்ரைற்றர் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது. கொழும்பு லொட்ஜில் பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் அவருடைய படலையில் நிற்பார்கள். கூலி வாங்கமாட்டார், தாளை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும். தாள் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் அது சின்ன விசயமில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாம் விசாரித்து மனு அடிப்பார். தேய்ந்துபோன கார்பன் தாளை வெயிலில் காட்டி இன்னொரு முறைக்குப் பழக்குவார். ஜனாதிபதிக்கு ஒன்று, செஞ்சிலுவைக்கு ஒன்று, மூன்றாவது தாயின் கையில்.

"எனக்கேன் ஐயா இது? எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"அவை துலைச்சுப்போடுவினம் பிள்ளை. நீர் துலைக்கமாட்டீர்."

பின்னால், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் "சான்று இருக்கிறதா?" என்று கேட்டது. நீல எழுத்து மங்கிய அந்தத் தாளைப் பொலித்தீன் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஊருக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கனடா, லண்டன், பாரிஸ் உட்படப் பெருஞ்சனம். 2022இல் நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, ஏன் இப்படியாயிற்று என்பதைக் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் விளக்கினார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடிய அன்று, விளக்கங்களை வாசித்து முடிக்க எனக்கு விடிந்துவிட்டது. நான் எழுதியவையும் அதில் சில உண்டு.

அதே நாட்களில் எங்கள் பெற்றோல் செற் வாசலில் ஒரு ரீச்சர், பள்ளிக்கூடக் கொப்பியில் வரிசை எழுதிக்கொண்டிருந்தார். நம்பர் எழுதிய துண்டை வாங்கினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சண்டை வந்தால் கொப்பிதான் நீதிமன்றம். கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானதும் ரீச்சரின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவரோ கொப்பியின் மறுபக்கத்தைத் திருப்பி, ஸ்மார்ட்போன் இல்லாதவர்களின் அடையாள அட்டை இலக்கங்களை எழுதத் தொடங்கினார். தன்னுடைய போனில் பதிந்து, கியூஆரைப் பிறின்ற் எடுத்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்ரிக் ஒட்டிக் கொடுத்தார். (மானியத்தில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஓகஸ்ட்டில் ஒரே இரவில் 340 ஆனது. அதற்குக் கொப்பியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.)

இப்படிப்பட்டவரைக் குழுவில் சேர்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. நேரில் போய்க் கேட்டேன்.

"அதுக்குள்ள இருந்து கதைக்க எனக்கு நேரமில்லைத் தம்பி," என்று கொப்பியைப் புரட்டினார். "வந்தது வந்தீர், உம்மட மோட்டார் சைக்கிளின்ர சேஸி நம்பரைச் சொல்லும்."