தடிமன் பிடித்த சத்தம்

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, எங்கே தேடினாலும் அகப்படுவார். வயது அறுபதுக்குக் கிட்ட. கைத்தறிச் சாரன், வெள்ளைச் சேட்டு, சேட்டுப் பையில் றப்பர் பட்டி போட்ட நொக்கியா. மகன் கட்டாரிலிருந்து புதுப் போன் அனுப்பினால் கெமரா எப்படி என்று பார்க்கமாட்டார், மெமரி எவ்வளவு என்று கேட்கமாட்டார். ஒரே கேள்விதான்:

"மெசேஜ் வந்தா இது என்ன சத்தம் போடும்?"

எங்கள் ஒழுங்கைக் காக்காவுக்கு வந்த போன், கிணற்றில் கல் விழுந்தமாதிரி 'ப்ளுக்' என்றது. முகம் சுருங்கிவிட்டது. அவர் கையிலிருந்தது 2003இல் வந்த, தலையில் டோர்ச் வைத்த 1100. உலகம் முழுக்க இருபத்தைந்து கோடி விற்ற சாமான். அதன் சத்தம் மூன்று குறில், இரண்டு நெடில், திரும்ப மூன்று குறில். மோர்ஸ் தந்திக் கணக்கில் அது 'எஸ்.எம்.எஸ்' என்கிற மூன்றெழுத்து. காக்காவுக்கு இது தெரியாது. தெரிந்தாலும், 'அதனாலென்ன' என்றிருப்பார்.

ஒரு கிழமை 'ப்ளுக்'கோடு வாழ்ந்து பார்த்தார். தேத்தண்ணிக் கடையில் ஒரு 'ப்ளுக்' கேட்டால் ஏழு பேர் சேட்டுப் பையைத் தடவுகிறார்கள். காக்காவும் தடவினார். பதினெட்டு வருசமாகத் தன் சத்தத்துக்கு மட்டும் கை போன மனிதருக்கு இது பெரிய அவமானம். பழைய சத்தத்தைப் புதிய போனில் போடச் சொல்லி நேரே கொமினிகேசன் கடைக்குப் போய்விட்டார்.

"காக்கா, இது பட்டன் போன். சத்தம் அதுட வயித்துக்குள்ளயே இரிக்கி. புளூடூத்துல அனுப்ப ஏலா."

"அப்ப வயித்தக் கிழி மனே."

கடைப் பொடியன் கெட்டிக்காரன். நெட்டிலிருந்து அதே சத்தத்தை இறக்கிப் போட்டுக் காட்டினான். காக்கா தலையைச் சரித்துக் கேட்டார்.

"இது என்ட இல்ல. என்டது தடிமன் பிடிச்ச குரல்."

உண்மைதான். அந்தப் போன் ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்து எழும்பியது. அன்று கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை.

கடைசியில் இரண்டு போனையும் மேசையில் முகம்பார்க்க வைத்தார்கள். புதியதில் ரெக்கோடிங். காக்கா கடையிலிருந்த எல்லாரையும் அதட்டி அடக்கினார். பொடியன் தன் போனிலிருந்து ஒரு மெசேஜை அனுப்பினான். டிட்டிட்டிட், டீட் டீட்... அந்த நேரம் பார்த்து வாசலில் பாண் ஆட்டோ வந்து நின்றது. இலங்கையில் பாண் ஆட்டோ என்றால் பீத்தோவன்தான். 1810இல் எவளோ எலீசுக்கு அவர் எழுதிய பியானோ மெட்டு, இங்கே மாலு பணிஸ் விற்கிறது. அதற்கு மேலால் காக்காவின் குரல்: "சும்மா இரிங்கடா!"

இன்னொருமுறை எடுக்கலாமென்றால் பழைய போனின் பற்றரி கண்ணை மூடிவிட்டது. அந்தத் தடித்த முனைச் சாஜர் கடையிலும் இல்லை. பொடியன் எடுத்ததை 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற போல்டருக்குள் போட்டான். போனின் சத்தப் பட்டியலில் அது வந்து உட்கார்ந்தது. வட்சப்பின் செட்டிங் தனி. அதற்குள்ளும் போய் வைத்துக் கொடுத்தான். காக்கா காசு கொடுத்தார். பொடியன் வாங்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில்தான் கரைச்சல். மகன் கட்டாரிலிருந்து ஸலாம் சொன்னாலும் சரி, போன் கொம்பனி டேட்டா விற்றாலும் சரி, முன்வீட்டுப் பிள்ளைகள் காசைப் பொத்திக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவருகிறார்கள். மாற்றச் சொல்லிப் பார்த்தோம். "இப்பதான் நல்லா இரிக்கி, என்ட குரலும் சேந்திரிக்கி" என்கிறார்.

ஆகவே எங்கள் பக்கம் வருபவர்களுக்கு ஒரு சொல். பாண் ஆட்டோ கேட்டால் உடனே எழும்பாதீர்கள். பின்னால் "சும்மா இரிங்கடா" வருகிறதா என்று ஒரு நொடி பாருங்கள். வந்தால், காக்காவுக்கு மெசேஜ்.