கோட்டை தெரிகிறது, ரசீது தெரியவில்லை!

கேள்வி: கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். கோட்டை மதில் கல் கல்லாகத் தெரிகிறது. கையிலிருக்கும் கரண்ட் பில் தெரியவில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், திருமயம்

பதில்: கரண்ட் பில் தெரியாதது ஒருவகையில் நிம்மதிதானே! புரையை எடுத்துவிட்டு உங்களுக்கு வைத்தது தூரப் பார்வைக்கான லென்ஸாக இருக்கும். சின்ன வயசுக் கண் மாதிரி அது கிட்டத்துக்கு வளைந்து கொடுக்காது. படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டும். கண் ஆறியிருக்கும், இப்போது பவர் பார்க்கலாம். வேட்டி பளீரென்று தெரிந்தால் சொட்டு நீலத்தைத் திட்டாதீர்கள். இத்தனை நாள் மஞ்சளாகக் காட்டியது புரை. மதுரையில் 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியபிறகுதான் இந்த லென்ஸ் விலை ஏழைக்கும் எட்டியது. ஒன்று மட்டும்: கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கறுப்புத் திரை விழுந்தாலோ எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.