அவளே தேர்ந்தெடுப்பா, சார்

"புத்தக விஷயத்துல நாங்க தலையிடறதே இல்லை சார். எதைப் படிக்கணும்னு அவளே தேர்ந்தெடுப்பா." ஹோம்ஸ்கூலிங் அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை, மகள் எடுத்த புத்தகத்தின் மறுமுனையைப் பிடித்திருக்கும்.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் இவரைக் கட்டாயம் பார்க்கலாம். ஊரெல்லாம் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரும். இவர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வருவார். கூட்டமில்லாத நாளில் வர முடிகிற பெருமையையும் கேட்காமலே சொல்வார். செக்கு எண்ணெய், தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பரீட்சை பற்றியெல்லாம் அவர் பேசுவது தனிக் கதை.

"வேண்டாம்" என்று மட்டும் அவர் சொல்லவே மாட்டார். சொல்கிற அப்பாவிடம் அழுது அடம்பிடித்தாவது வாங்கிவிடலாம். மகள் இரும்புக்கை மாயாவியை எடுக்கிறாள் என்று வையுங்கள். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்ததிலிருந்து எத்தனையோ அப்பாக்களைச் சமாளித்த மாயாவி, இவரிடம்தான் தோற்பான். இவர் முட்டிபோட்டு மகளின் முகத்துக்கு நேரே வருவார்.

"சூப்பர் சாய்ஸ்டா கண்ணா! இது உனக்கு ஏன் பிடிச்சிருக்கு?"

"படம் நல்லா இருக்கு."

"ம்ம்… வேற?"

"மாயாவி மறைஞ்சுடுவான்."

"எப்படி மறையறான்?"

"கரெண்ட்ல கையை வைப்பான்."

"அப்போ இரும்பு மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா?"

இரும்பு முடிந்து தாமிரம் தொடங்குவதற்குள் மகள் மாயாவியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, அப்பா இத்தனை நேரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த டோட்டோ-சானை எடுத்துவிடுவாள். அன்றைக்கு எந்தப் பாடத்தில் தொடங்குவது என்று பிள்ளைகளே முடிவு செய்கிற பள்ளியின் கதை அது. "பார்த்தீங்களா சார், அவளே எடுத்தா!" அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு டோட்டோ-சான் இருக்கிறது. இரண்டும் அவளே தேர்ந்தெடுத்தவைதான்.

பேச்சுக்குப் பேச்சு ஜான் ஹோல்ட் வேறு. அந்த அமெரிக்க ஆசிரியர் 1967-ல் எழுதிய ஒரு கட்டுரையே, பிள்ளைகள் வாசிப்பை வெறுப்பதற்கு ஆசிரியர்கள் எப்படிக் காரணமாகிறார்கள் என்பதைப் பற்றியதுதான். படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டேன், கொஞ்சம் படித்துப் பார்த்தும் பிடிக்காவிட்டால் மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள் என்று தன் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர் சொல்லிவிட்டார். நம்மவர் ஹோல்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே மகளிடம் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்கிறார். அவள் படிக்கும்போது சிரித்தால்கூட "ஏன் சிரிச்சே?" என்கிறார். இப்போதெல்லாம் அவள் சத்தம் வராமல் சிரிக்கிறாள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்காவது நாலு மணிக்கு மணி அடிக்கும்.

ஆனால் ராத்திரி இதே மனிதர் மகளுக்குக் கதை வாசிப்பதைக் கேட்கவேண்டும். பூதத்துக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், நரிக்கு மூக்கால் ஒரு குரல். தொண்டை கட்டினாலும் நிறுத்தமாட்டார். என் பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை.

இந்த வருஷம் அவர் பில் போட வரிசையில் நின்றபோது, அந்தப் பெண் என் கையில் மூன்று காமிக்ஸைத் திணித்தாள். "அங்கிள், இதை உங்களுக்குன்னு வாங்கிக்கோங்க. நான் உங்க வீட்டுக்கு வந்து படிச்சுக்கறேன்."

வாங்கிவிட்டேன். ஐம்பது வயதுக்குமேல் எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் பிடித்திருப்பதாக அவர் இப்போது எல்லாரிடமும் வருத்தத்தோடு சொல்லிவருகிறார்.