சிபாரிசு செய்யத் தெரியாதவனின் விண்ணப்பம்

அனுப்புநர்: முதுகலை ஆசிரியர் (இயற்பியல்), ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி, திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்: சேர்க்கை அலுவலர்கள், அமெரிக்கக் கல்லூரிகள்.

பொருள்: என் மாணவர் ஐவரும் முதல் 1 சதவீதத்தில் இருப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பரிந்துரைக் கடிதம் என்று நீங்கள் கேட்பதை எங்கள் ஊரில் சிபாரிசு என்பார்கள். அதை எழுத வேண்டியவர் எம்.எல்.ஏ.தான். லெட்டர்பேடில், பச்சை மையில், "இக்கடிதம் கொண்டு வருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர்" என்று இரண்டு வரி இருந்தால் போதும். கொண்டு வருபவர் யாரென்று எம்.எல்.ஏ.வுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வாத்தியார் கடிதத்துக்கு இங்கே டீக்கடையில்கூட மதிப்பில்லை. அதை நம்பி ஒருவனுக்கு சீட் கொடுக்கிறீர்கள் என்றதும் என் மனைவி இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

நான் இதுவரை எழுதிய பரிந்துரைகளின் மொத்த நீளம் ஒரு சொல். மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் நடத்தையும் பண்பும்' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதுவோம். பள்ளிக் கண்ணாடியை உடைத்தவனுக்கும் நன்று, உடைத்தது யாரென்று காட்டிக்கொடுத்தவனுக்கும் நன்று. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்ஆஃப். அதிலும் மற்றதிலும் இருவர் சமமாக நின்றால் கடைசியில் தீர்ப்புச் சொல்வது ரேண்டம் எண். அந்த எண் எவனுடைய தலைமைப் பண்பைப் பற்றியும் என்னிடம் விசாரித்ததில்லை.

தாங்களோ காமன் ஆப் என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் குணங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் இவன் எங்கே நிற்கிறான் என்று டிக் அடிக்கச் சொல்கிறீர்கள். சராசரிக்குக் கீழ், சராசரி, நன்று, மிக நன்று, முதல் 10 சதவீதம், முதல் 5, முதல் 1. எங்கள் 'நன்று' அங்கே கீழிருந்து மூன்றாம் படியில் கிடந்ததைப் பார்த்தபோது நெஞ்சு வலித்தது. 'வகுப்பு விவாதத்தில் பங்களிப்பு' என்ற கட்டத்தில் வெகுநேரம் விழித்தேன். எங்கள் வகுப்பில் விவாதிப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பதுதான் வழக்கம். எழுதுபவன் லீடர். ஆகவே பெயர் எழுதப்பட்டவனுக்கு விவாதத்திலும், எழுதியவனுக்குத் தலைமைப் பண்பிலும் முதல் 1 சதவீதம் போட்டேன். என்னிடம் இரண்டு பிரிவுகளில் 112 பேர் படிக்கிறார்கள். அதில் ஒரு சதவீதம் என்றால் ஒரு பையனும் இன்னொருவனின் ஒரு கையும். அந்த இடத்தில் ஐவரை நெருக்கி உட்கார வைத்திருக்கிறேன். டவுன் பஸ்ஸில் போய்ப் பழகிய பிள்ளைகள், சமாளித்துக்கொள்வார்கள்.

கடிதங்களை அவர்களே எழுதி வந்தார்கள். "சார், நீங்க சும்மா சைன் மட்டும் பண்ணுங்க" என்றான் ஒருவன், என் சிரமம் கருதி. அவனைப் பற்றி நான் இவ்வளவு கவனித்திருக்கிறேனா என்று வாசித்து வியந்தேன். இதற்கிடையே, ஆசிரியர் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் மாணவனிடம் ஒப்புதல் வாங்குகிறீர்கள். உங்கள் நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையாம் அது. தான் எழுதிய கடிதத்தைத் தான் படிக்க மாட்டேன் என்று ஐவரும் டிக் அடித்தார்கள். வாக்குத் தவறாத பிள்ளைகள். ஒருவன் எழுத்துப்பிழையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதிப்பெண் போதாது, குணமும் பார்க்க வேண்டும் என்ற யோசனை உங்கள் நாட்டில் எப்படி வேரூன்றியது என்று தேடினேன். 1920-களில் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவலுக்கு, தேர்வில் தேறி வரும் யூதப் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள் என்று கவலை. மதிப்பெண்ணால் தடுக்க முடியாதவர்களைக் குணத்தால் தடுக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். ரேண்டம் எண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கேட்டால் சொந்தமாக எழுத எனக்கும் ஒரு கடிதம் இருக்கிறது. பிளஸ் ஒன் செய்முறையில் தனி ஊசலை ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கமான g-யின் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பு முழுவதும் 9.8 எழுதியது. ஊசலை ஆட்டாதவர்களுக்கும் 9.8. ஒரு பையன் மட்டும் 9.3 என்று எழுதி வந்தான். நூலை மூன்று தடவை அளந்தேன் சார், அதுதான் வருது என்றான். அடித்துவிட்டு 9.8 எழுது, எக்ஸ்டர்னல் வந்தால் மார்க் போய்விடும் என்றேன். எழுதினான். 'நேர்மை' என்ற கட்டத்தைப் பார்த்தபோதெல்லாம் அவன் ஞாபகம்தான். அவன் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கவில்லை. பாலிடெக்னிக் போகிறான், அங்கே கடிதம் கேட்க மாட்டார்கள்.

நவம்பர் 1 கடைசித் தேதி என்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம் மட்டும் என்னுடையது)

பின்குறிப்பு: இதை டைப் செய்து கொடுத்ததும் அந்த ஐவரில் ஒருவன்தான். படிக்க மாட்டேன் என்று டிக் அடித்திருக்கிறான்.