மல்டிமீட்டர் மாமா

மின்சார சைக்கிள் புகுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதனோடு சேர்ந்தே தழைத்த மனித வகை ஒன்றுண்டு. மின்னழுத்தம் முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டர் என்னும் கருவியைச் சட்டைப் பையில் திணித்து, அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் வெளியே தொங்க, யாரும் அழைக்குமுன்பே பார்க்கிங்கில் ஆஜராகிவிடும் இவரை மல்டிமீட்டர் மாமா எனலாம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவரான இவர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றியே புலமை பெற்றவர்.

ஈய-அமில பேட்டரியில் ஈட்டிய அந்தப் புலமையை லித்தியம்-அயனிக்கும் ஒரு சொல் மாற்றாமல் நீட்டிப்பதே இவரது ஆய்வுமுறையின் தனிச்சிறப்பு. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டமையால் 18650 என வழங்கும் செல்களைப் பத்து வரிசைகளாகத் தொடரிணைப்பில் கோத்து மூடிய பெட்டியே பல சைக்கிள்களில் உள்ள 36 வோல்ட் பேட்டரி. அதில் தண்ணீர் ஊற்ற வழியில்லை என்பதை மாமா எளிதில் ஏற்பதில்லை, பெட்டியை நான்கு பக்கமும் புரட்டிப் பார்த்து, "மூடி வைக்க மறந்துட்டான் தம்பி" என்று தயாரித்தவரை மன்னித்த பிறகே மேற்கொண்டு செல்வார்.

அடுத்தது அளவீடு. ஒரு செல் முழுமையாக நிறைந்தால் 4.2 வோல்ட், பத்துக்கும் சேர்த்து 42. மீட்டர் 41 காட்டியதும் "பேட்டரி ஜம்முனு இருக்கு" என்ற தீர்ப்பு வெளியாகும். ஆனால் தேய்ந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 41 காட்டினாலும், மோட்டார் இழுக்கத் தொடங்கியதும் அழுத்தம் மளமளவென்று சரிய, பிஎம்எஸ் எனப்படும் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். மேம்பால ஏற்றத்தில் சைக்கிள் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். மாமாவின் சோதனைகளோ மேம்பாலம் வரை போவதில்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் நிரம்பிவிட்டது என்பது இவரது மற்றொரு சித்தாந்தம். பேட்டரியோடு தொடர்பே கிடைக்காத சார்ஜரும் பச்சைதான் காட்டும் என்று சொல்லத் துணிந்தவருக்கு, பழைய நிக்கல்-காட்மியம் காலத்து உபதேசமான "சுத்தமா காலி பண்ணிட்டு சார்ஜ் போடு" என்பது, அது லித்தியத்துக்குக் கேடு என்றபோதிலும், கூடுதலாகக் கிடைக்கும்.

இவரைப் பற்றி நல்லதும் சொல்லியாக வேண்டும்: வீங்கிய பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோக ஒருவரையும் விடமாட்டார், இரவில் தூங்கும்போது சார்ஜ் போட்டவரைக் காலையில் சும்மா விடமாட்டார்.

இத்தனைக்கும் கோளாறு பேட்டரியிலேயே இல்லாமல் போவதுண்டு. பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்துவதற்கென்று பிடியில் சிறு சுவிட்ச் இருக்கும். பிடி முழுதும் திரும்பாமல் சிக்கினால், பேட்டரி நிறைந்திருந்தும் மோட்டார் அசையாது. பக்கத்தில் நிற்கும் பள்ளிச் சிறுமி பிடியை விரலால் தட்டிவிட, சக்கரம் விர்ரென்று சுழல, ஒயர்களைச் சுருட்டியபடியே மாமா கேட்பார்: "நான் டெர்மினலைத் தொட்டப்பவே கரண்ட் பாஸாயிடுச்சு, பார்த்தியா?"