பதினாலு டாலர் நிர்வாகம்

எங்கள் ஊர் பிளானோவின் தண்ணீரைக் குடித்தவனுக்கு எதையாவது அளக்காமல் இருப்புக்கொள்ளாது. ராஸ் பெரோ 1962-இல் டாலஸில் தொடங்கிய இடிஎஸ் கம்பெனி பிற்பாடு இங்கேதான் வந்து உட்கார்ந்தது. ஜேசிபென்னி வந்தது. ஃபிரிட்டோ-லே வந்தது. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிபோர்னியாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருவதாக 2014-இல் அறிவித்து, 2017-இல் திறந்தும் விட்டது. காலை எட்டு மணிக்கு லெகசி டிரைவில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களில் பாதிப் பேர் யாரோ ஒருவரின் டாஷ்போர்டில் ஒரு கட்டமாக இருப்பவர்கள். அதில் நானும் ஒரு கட்டம். பச்சையாக இருந்தால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். சிவப்பானால் திங்கட்கிழமை கூட்டத்தில் நான் பேச வேண்டும். அந்த டாஷ்போர்டுக்கு ஆபீஸ் கட்டும் வருஷ லைசென்ஸ் பணத்தில் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம், ஜானவாசக் காரோடு.

வினை ஒரு சனிக்கிழமை காலை டிஷ்வாஷர் வடிவில் வந்தது. உள்ளே கழுவிய பாத்திரம் அப்படியே இருக்கிறது, வெளியே சிங்க்கில் கழுவாத பாத்திரம் மலை. "போன தடவை நான்தான் எடுத்து வச்சேன்" என்று மகள். "நோ அப்பா, நான்" என்று மகன். நானும்தான் என்று நானும் சொன்னேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஆபீஸில் இப்படி ஒரு நிலைமை வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? வேலையையா செய்வோம்? அளப்போம்.

காப்லானும் நார்ட்டனும் 1992-இல் ஹார்வர்டு பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு. ஒரு நிறுவனத்தை லாபத்தை மட்டும் வைத்து எடைபோடாதே. பணம், வாடிக்கையாளர், உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும் என்று நாலு பக்கமும் பார் என்றார்கள். அன்றைக்கு மத்தியானமே எங்கள் வீட்டுக்கும் நாலு பக்கம் போட்டேன். பணம் என்றால் காஸ்ட்கோ பில். வாடிக்கையாளர் என்றால் பிள்ளைகள். உள்வேலை என்றால் சிங்க். கற்றல் என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு வீட்டுப்பாடம். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. கூகுள் ஷீட்ஸ் இலவசம், கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், வாட்ஸப் இலவசம், மேசை இழுவறையில் தூங்கும் பழைய ஐபோன் இலவசம். அந்த ஐபோனை நிறுத்த ஒரு ட்ரைபாட் மட்டும் வாங்கினேன். பதினாலு டாலர்.

முதலில் ஃபார்ம். பதினேழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், பெயர் சொல்ல வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன். மூன்றே மூன்று பேருக்கு அனுப்பினேன். வட்டப் படம் தானாக வந்தது: 33.3 சதவீதத்தினர் நிர்வாகத்தின் மீது கடும் அதிருப்தி. அந்த 33.3 சதவீதத்தினர் கடைசிக் கேள்வியில், "குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிவிட்டு வந்து இந்த ஃபார்மை நிரப்புகிறேன், அது உங்கள் வேலை" என்று சுத்தத் தமிழில் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒற்றுப்பிழை இல்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் மொத்தமே 25 சதவீதம்தான்.

அடுத்தது வாட்ஸப் வாக்கெடுப்பு. "இந்த வார வீட்டு நிர்வாகம் எப்படி?" என்று கேட்டு, மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம் என்று ஐந்து பதில் கொடுத்து அனுப்பினேன். எங்கள் நாலு பேர் குழுவின் பெயர் 'வீடு'. மாமனார் வகையறா அறுபத்துச் சொச்சம் பேர் இருக்கும் குழுவின் பெயர் 'நம்ம வீடு'. அவசரத்தில் விரல் பட்டது இரண்டாவதில்.

இந்த வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு தெரியும். போதாக்குறைக்கு, நாம் போய் அணைக்காவிட்டால் ஒருவரே எத்தனை பதிலுக்கு வேண்டுமானாலும் டிக் போடலாம். என் மாமியார் ஐந்துக்கும் போட்டிருந்தார். மாப்பிள்ளை மனம் எதிலும் கோணக்கூடாது என்ற நல்லெண்ணம். திருச்சிச் சித்தப்பா 'மோசம்' போட்டுவிட்டு, "என்னாச்சு மாப்ளே, ஏதும் பிரச்சினையா?" என்று இந்திய நேரம் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார். எங்களுக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி ஏழரை. தோசை தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் பேசி, குடும்பத்தில் விரிசல் எதுவும் இல்லை, டிஷ்வாஷர்தான் என்று நம்பவைத்தேன். நம்பினாரா என்பது இன்னும் அளக்கப்படவில்லை.

கணக்கு என்று வந்தபின் வரலாற்றைத் துணைக்கு அழைப்பது என் வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரை மறுபடி குடவோலையில் சேர்க்கக்கூடாது என்று இருக்கிறது. அவருக்கு மட்டுமல்ல, உறவினருக்கும் அந்தத் தடை என்று சாப்பாட்டு மேசையில் முழங்கினேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தணிக்கை!

"எந்த உறவெல்லாம்?" என்றாள் மனைவி.

"பெரிய பட்டியல். மாமனார், மைத்துனன் எல்லாம் உண்டு."

"சரி. போன மாச காஸ்ட்கோ பில் எங்கேங்க?"

பில் இல்லை. காஸ்ட்கோவுக்குப் போனவன் நான். "அப்போ நீங்க கணக்குக் காட்டாததுக்கு எங்கப்பாவும் தம்பியும் தேர்தல்ல நிக்கக்கூடாதா?" என்றாள். பராந்தகன் காலத்தில் இவள் அந்தச் சபையில் இல்லாதது சோழர்களின் அதிர்ஷ்டம்.

மிச்சமிருந்தது கேமரா. இதில் என் குருநாதர் ஃபிராங்க் கில்பிரெத். கொத்தனாராகத் தொழில் தொடங்கியவர். ஒரு செங்கல் வைக்கக் கொத்தனார் செய்யும் பதினெட்டு அசைவுகளை நாலரையாகக் குறைத்துப் பேர் வாங்கியவர். பின்னால் மனைவி லில்லியனோடு சேர்ந்து, வேலை செய்பவர்களைக் கடிகாரத்தோடு சினிமாப் படம் பிடித்து, எந்த அசைவு வீண் என்று கண்டுபிடிப்பதையே தொழிலாக்கினார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்கள் பாத்திரம் கழுவுவதையும் படம் பிடித்தார். மேல்சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே போட்டால் ஏழு நொடி, கீழிருந்து மேலே போட்டால் மூன்று நொடி என்று கண்டவர். இரண்டு கையிலும் கத்தி பிடித்துச் சவரம் செய்து 44 நொடி மிச்சம் பிடித்தார். வெட்டிய கழுத்துக்குக் கட்டுப்போட இரண்டு நிமிஷம் ஆனதால் கைவிட்டார். பிள்ளைகளில் இருவர் 1948-இல் எழுதிய 'சீப்பர் பை தி டசன்' புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. இந்தச் சவரக் கதையை நான் ஒழுங்காக வாசித்திருந்தால் பதினாலு டாலர் மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பிரிட்ஜ் தலைமேல் ட்ரைபாடை நிறுத்தி, டைம் லாப்ஸ் போட்டேன். அமெரிக்க வீடுகளில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே போனில் இரண்டும் விழும். ஐபோனில் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் நாற்பது நொடிக்குள் சுருக்கித் தந்துவிடும். மத்தியானம் ஒரு மணிக்கு எல்லோரையும் உட்காரவைத்து டிவியில் போட்டுக் காட்டினேன்.

மகள் ஒரு மூலையில் தோன்றி மறைந்தாள். மகன் இங்கே ஒரு கால், அங்கே ஒரு தலை. மனைவியை ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் பார்க்க முடியவில்லை. அடுப்பு, சிங்க், அடுப்பு, துணி மடிக்கிற மேசை, மறுபடி அடுப்பு என்று மின்னி மின்னிப் போனாள். வெயில் கூடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்தது. இத்தனைக்கும் நடுவே அசையாமல், துல்லியமாக, மூக்குக்கண்ணாடி முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று சோபா. இன்னொன்று நான். மடியில் லேப்டாப், அதில் டாஷ்போர்டுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க பாஸ் பண்ணி வச்ச மாதிரி இருக்கீங்க" என்றான் மகன்.

அந்த வாரமே அவன் எனக்கு இன்னொரு பாடமும் நடத்தினான். டிஷ்வாஷரை ஆறு நிமிஷத்தில் காலி செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தேன். மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டு போட்டோ அனுப்பினான். ஷீட்டில் கட்டம் பச்சையாயிற்று. வியாழக்கிழமை ஏதோ சுட வேண்டுமென்று மனைவி ஓவனைத் திறந்தால் நாலு நாள் பாத்திரமும் அங்கே அடுக்கியிருந்தது. நம் வீடுகளில் ஓவன் என்பது வாணலி வைக்கிற அலமாரி என்பதைக் கவனித்து வளர்ந்த பிள்ளை. அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருக்காது என்று சொல்லும் விதிக்கு சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1975-இல் அவர் மத்திய வங்கிகளின் பணக் கொள்கையை வைத்துக் கண்டதை, என் மகன் ஓவனை வைத்துக் கண்டான்.

இதற்குமேல் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, அந்தப் போனை எடுத்து உள்ளே வைங்க. ஒரு மணி நேரம் இப்படி ஓரமா நில்லுங்க. எதையும் தொடாதீங்க, எதுவும் சொல்லாதீங்க. சும்மா பாருங்க."

டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இன்ஜினியரை அதற்குள் மணிக்கணக்கில் நிறுத்தி, என்ன பார்த்தாய் என்று கேட்பாராம். இவள் ஓனோவைக் கேள்விப்பட்டதில்லை. வட்டத்துக்குப் பதில் தரையில் ஒரு டைல்ஸைக் காட்டினாள். நின்றேன்.

அவள் அடுப்பிலிருந்து நாலு எட்டு நடந்து பிரிட்ஜுக்கு அப்பால் இருக்கும் அலமாரியைத் திறந்து, அஞ்சறைப்பெட்டியை எடுத்து, திரும்பி நடந்து, கடுகு போட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் மஞ்சளுக்கு. அப்புறம் வெந்தயத்துக்கு. ஒரு மணி நேரத்தில் பதினோரு நடை. அஞ்சறைப்பெட்டியை அவ்வளவு தூரத்தில் யார் வைத்தது என்று வாய்வரை வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் 'கிச்சன் ஆப்டிமைசேஷன்' என்று ஒரு நாள் முழுக்க அலமாரிகளை மாற்றி அடுக்கிய மகானுபாவன் யாரென்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அன்றிரவு பெட்டி அடுப்புக்குப் பக்கத்து இழுவறைக்கு வந்தது. செலவு பூஜ்யம்.

அதே டைல்ஸில் நின்றபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிரிட்ஜுக்குள் தோசைமாவு டப்பாவின் நடுவில் ஒரு தடித்த ஊதா ரப்பர் பேண்டு. ப்ரோக்கோலிக் கட்டோடு வருமே, அது.

"இது எதுக்கு?"

"மாவு அதுக்குக் கீழே இறங்கினா அன்னிக்கே அரிசி ஊறப்போடணும். மிச்சம் ரெண்டு நாளைக்குத்தான் வரும்."

"எப்பவுமே நடுவுலதான் இருக்குமா?"

"ஜனவரியில மேலே ஏத்திடுவேன். இந்த ஊர்க் குளிர்ல மாவு பொங்கக் கூட ஒரு நாள் ஆகுதில்ல."

நான் பேசாமல் பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்குப் பெயர் கான்பான். ஜப்பானிய மொழியில் விளம்பரப் பலகை என்று பொருள். சரக்கு இந்தக் கோட்டுக்கு வந்தால் அடுத்ததைச் செய் என்று சொல்லும் ஒரு அட்டை. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் எடுத்த இடத்தை மட்டும் நிரப்பி வைக்கிறார்களே, அந்த முறையைப் பார்த்து ஓனோ தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. சரக்கு வந்துசேரத் தாமதமானால் கோட்டை மேலே ஏற்ற வேண்டும் என்பதுதான் இதில் நுட்பம். இதைக் கற்றுக்கொள்ள ஆபீஸ் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழும் கொடுத்திருக்கிறது. சான்றிதழ் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ரப்பர் பேண்டு அதிலிருந்து இருபதடி தள்ளி, நான் தினமும் மோர் எடுக்கும் தட்டில், பல வருஷமாக இருந்திருக்கிறது. என் டாஷ்போர்டில் எந்தக் கட்டம் எந்த நிறமானாலும் யாரும் எழுந்துபோய் எதையும் செய்ததில்லை. இந்தப் பேண்டுக்குக் கீழே மாவு போனால் அரிசி ஊறுகிறது.

போனில் பதிவு செய்வதே வேண்டாம் என்பவளும் அல்ல அவள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறாள். ஒரு வருஷத்தில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று காட்டும்படி பெற்றோர் கேட்டபோது, வருகைப்பதிவு, வீட்டுப்பாடம், பங்கேற்பு என்று நான் பன்னிரண்டு பத்தி ஷீட் போட்டுக் கொடுத்தேன். அவள் செப்டம்பரில் முதல் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து வரி வாசிப்பதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். மே மாதம் அதே ஐந்து வரியை மறுபடி வாசிக்கவைத்தாள். கடைசி வகுப்பன்று இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டாள். செப்டம்பரில் 'வாளப்பளம்' என்று தடுக்கி விழுந்த குரல் மே மாதத்தில் 'வாழைப்பழம்' என்று நாக்கை மடித்துச் சொன்னது. ஒரு அப்பா, இன்னொரு தடவை போடுங்க என்றார். என் ஷீட்டை யாரும் திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ட்ரைபாட் இப்போது கராஜில் இருக்கிறது. நாலே நாலு முறை பயன்படுத்தியது, கால்கள் மூன்றும் உறுதி. பிளானோ, ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கும் அன்பர்கள் யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், பணம் வேண்டாம். வரும்போது ப்ரோக்கோலி ரப்பர் பேண்டு இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள். இட்லிமாவு டப்பாவுக்குத் தேவைப்படுகிறது.